மூடாத கேபினெட்

டமார்!

கண்ணாடி உடையும் சத்தத்தில் ரகங்கள் உண்டு. டம்ளர் விழுந்தால் ஒரு மாதிரி, ஜன்னல் போனால் ஒரு மாதிரி. இது இரண்டும் இல்லை. ஒரு மூட்டைக் கற்கண்டை மாடியிலிருந்து கவிழ்த்த மாதிரி, முதலில் ஒரு வெடிப்பு, பிறகு நிதானமாக ஒரு கொட்டல்.

அந்த நேரத்தில் நான் படுக்கையறைத் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் மைக்கைப் பிடித்தபடி, பூமியிலேயே பொறுமைசாலியான பெண்ணின் குரலில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில். நீங்கள் வங்கிக்கோ மருத்துவமனைக்கோ போன் செய்து, யாரும் எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்போது காதில் தேன் ஊற்றுகிறாளே ஒருத்தி, அவள் நான்தான். திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள். பழகிவிட்டது.

இனிமை எல்லாம் சம்பளத்துக்கே போய்விடுவதால் வீட்டுக்கு மிச்சம் இருப்பதில்லை. கம்பளியை உதறிவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன்.

தரை முழுக்கக் கண்ணாடிக் குருணை. நடுவில் என் கணவர் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றிருந்தார். என் கொழுந்தன் மேஜைமேல் ஏறிச் சம்மணம் போட்டிருந்தார். இருவருக்கும் இடையே, ஒரு பக்கச் சுவர் இடிந்த வீடு மாதிரி, அந்தக் கேபினெட்.

கேபினெட் என்றதும் பீரோ என்று நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரின் உறுப்புகளை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டுகிற இரும்புப் பெட்டி. அதில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. உள்ளே கலர் கலராகச் சுற்றும் விசிறிகளை வெளியே உட்கார்ந்து பார்த்து ரசிக்க வேண்டுமாம். பஸ் எஞ்சினைப் பார்த்து ரசிக்க யாராவது கண்ணாடியில் மூடி போடுவார்களா? கேட்டால் எனக்கு ரசனை போதாதாம்.

"யாரும் அசையாதீங்க! செருப்பு இல்லாம யாரும் அசையாதீங்க!" என்றார் கணவர், ஏதோ வெடிகுண்டைக் கண்டுபிடித்தவர் போல.

"நீ அசையாம இருந்திருந்தா போதும்ணா. ஊரே நல்லா இருந்திருக்கும்" என்றார் கொழுந்தன்.

"மெதுவாத்தான்டா வெச்சேன்."

"மெதுவா வெச்சாலும் வேகமா வெச்சாலும், டைல்ஸ் தரையில இந்தக் கண்ணாடியோட முனை பட்டா போச்சு. கம்ப்யூட்டர் பூட்டுறவன் கத்துக்கிற முதல் பாடமே அதான். இதென்ன உன் பஸ்ஸா, இடிச்சுட்டு இறங்கிச் சண்டை போட?"

"நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட இடிச்சதில்ல."

"அதான் எல்லாத்தையும் சேர்த்து வெச்சு வீட்டுல இடிக்கிறியா?"

நான் வாசலிலேயே நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவருக்கு முன்வழுக்கை, இன்னொருவருக்கு உச்சியில் வழுக்கை. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு மனிதனுக்கான முடி தேறும். மூளை தேறுமா என்று சொல்வதற்கில்லை.

"அப்போ இன்னைக்கும் முடியாதா?" என்று கேட்டேன்.

"கேபினெட் உடைஞ்சு போச்சேம்மா. புதுசா ஒண்ணு பார்க்கணும்" என்றார் கணவர். அந்தக் குரலில் துக்கம் இருந்திருக்க வேண்டும். தேடினேன், கிடைக்கவில்லை.

"கண்ணாடி இல்லாம ஓடாதா?"

இரண்டு பேரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பேன்ட் இல்லாமல் வரலாமா என்று கேட்டவளைப் பார்ப்பது மாதிரி.

துடைப்பத்தை எடுத்து வந்து கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

இந்த வீட்டில் மூன்று அறைகள். முன்னறை வாசலை ஒட்டியது. படுக்கையறை தெருவைப் பார்த்தது. தெருவில் ஒரு பழைய இரும்புக் கடை, ஒரு டயர் கடை. பின்னறை ஒன்றுதான் நான்கு பக்கமும் சுவரும் ஒரு நல்ல கதவுமாக, காது கொடுத்தால் நம் மூச்சே கேட்கும் அமைதியோடு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். இப்போது அது அட்டைப்பெட்டிகளின் முகாம். ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதற்குள் பஞ்சு. எதையும் தூக்கிப் போடக் கூடாது. பெட்டி இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் வாங்க மாட்டானாம். வாங்கும்போதே திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கிற குடும்பம் இது.

மேஜை விளிம்பில் ஒரு ஸ்டியரிங். கீழே மூன்று பெடல்கள். அதுதான் முதலில் வாங்கியது. கம்ப்யூட்டர் வரும் முன்னே ஸ்டியரிங் வந்துவிட்டது. லாரி ஓட்டும் விளையாட்டாம். மலை, மழை, பனி எல்லாம் வருமாம். பின்னால் சரக்கை ஏற்றிக்கொண்டு, சிக்னலில் நின்று, சுங்கச் சாவடியில் நின்று, சரக்கை இறக்கிவிட்டு, மறுபடி சரக்கு ஏற்ற வேண்டுமாம்.

என் கணவர் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? பஸ் டிரைவர்.

காலையிலிருந்து ஸ்டியரிங் பிடித்துத் தோள்பட்டை கழன்று வீட்டுக்கு வந்து, தைலம் தடவச் சொல்லி என்னை ஏவிவிட்டு, அதே தோளோடு லாரி ஓட்டப் போகிறார். "அது வேற, இது வேற. இதுல பயணிங்க கிடையாது" என்பார். சமையல்காரர் யாராவது வேலை முடிந்து வந்து பொம்மை அடுப்பில் சமைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இவரைப் பார்க்கலாம். சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டுப் பின்னறைக்குப் போய், எதனோடும் இணைக்காத ஸ்டியரிங்கைப் பிடித்து, வெறும் சுவரைப் பார்த்து, நிதானமாக ஒரு வளைவு திரும்புவார். கையைக் காட்டிவிட்டுத் திரும்புவார், அதுதான் கொடுமை.

அந்த அறைதான் எனக்கு வேண்டும்.

காரணம் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கொடுக்கும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் ஒன்று அகப்பட்டிருக்கிறது. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே குரல், வருஷக் கணக்கில் வேலை. என் குரல் பிடித்துவிட்டது. ஆனால் நிறுவனத்தின் மேலாளரம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "உங்க குரலுக்குக் குறை இல்ல. ஆனா எங்கேயோ துணி மூட்டைக்குள்ள இருந்து பேசுற மாதிரி அடைக்குது. நடுவுல ஒரு டயர் வெடிக்குது. நிரந்தரமா ஒரு அமைதியான ரூம் இருக்கணும், மாசக் கடைசிக்குள்ள அங்கேயிருந்து ஒரு பதிவு அனுப்புங்க. இல்லேன்னா அடுத்த குரலைப் பார்க்க வேண்டியிருக்கும்."

அடுத்த குரல் யார் என்று எனக்குத் தெரியும். மூக்கால் பேசுகிறவள். நோயாளிகள் பாவம்.

கணவரிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார். அந்த விஷயத்தில் அவர் தங்கம். எதற்கும் உடனே ஒத்துக்கொள்வார். "கம்ப்யூட்டரைப் பூட்டி முன்னறை மூலையில வெச்சுட்டா ரூமு உனக்குத்தான். பூட்டணும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எப்போது முடியும் என்பதுதான் இந்த வீட்டின் ஒரே கேள்வி.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு செய்தியில். அண்ணனும் தம்பியும் அதற்கு முன்னால் பல வருஷம் பேசியதில்லை. மாமனார் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். சின்னவர் அங்கேயே வளர்ந்து அங்கேயே வேலை கற்றவர். மாமனார் போனதும் பெரியவர், அதாவது என் வீட்டுக்காரர், தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடையை விற்றுவிட்டார். கடன் இருந்தது, வேறு வழியில்லை என்றார். வழி இல்லாமல் இருக்கலாம், வாய்கூடவா இல்லாமல் போனது? தம்பி தன் ஸ்க்ரூடிரைவர்களை மட்டும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனவர்தான். அதன்பிறகு விசேஷங்களில் ஆளுக்கொரு தூணாகப் பார்த்துச் சாய்ந்து நிற்பார்கள். போட்டோவில்கூட நடுவில் நாலு அத்தைகள் இருப்பார்கள்.

சின்னவரைக் குடும்பத்தில் 'வோல்டேஜ்' என்று சொல்வோம். எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தெரியாது. நாற்பதைத் தொடப்போகிறார், கல்யாணம் என்கிற பார்ட்டை மட்டும் இன்னும் தேர்ந்தெடுத்தபாடில்லை. ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை, ஒரு வாடகை அறையில் வாசம்.

ஸ்டியரிங்கை வாங்கி வந்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு அதை மாட்ட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பது உறைத்தது. வீடியோ பார்த்தார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் போனை எடுத்து, நெடுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, தம்பிக்கு ஒரு செய்தி தட்டினார்: 'கேமிங்குக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?'

நலமா இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை, கடையை விற்றதற்கு வருத்தம் இல்லை. கார்டு.

அங்கிருந்து பதில் வந்தது: 'பட்ஜெட்?'

இத்தனை வருஷ மௌனத்துக்குப் பிறகு ஒரு ரத்தபந்தம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்காரர் அந்த ஒற்றை வார்த்தையை என்னிடம் நான்கு முறை காட்டினார்.

பட்ஜெட் நடுத்தரம். நடுத்தர பட்ஜெட் என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். கையில் இருப்பதை வைத்துக்கொண்டு, இல்லாததைப் பற்றி ஆறு மாதம் பேசுவது. பணக்காரன் கடைக்குப் போய் விலை உயர்ந்ததைக் காட்டி வாங்கிவிடுகிறான். ஏழை கேட்பதே இல்லை. நடுவில் இருக்கிறவன்தான் இதில் கொஞ்சம் குறைத்து அதில் கொஞ்சம் கூட்டி, ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான்.

ஞாயிறுதோறும் வோல்டேஜ் வர ஆரம்பித்தார். முதல் ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றே பேசினார். அடுத்த ஞாயிறு கழற்றினார். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து சாப்பாட்டுக்கு இருந்தார். பேச்சு முழுவதும் பார்ட்ஸ்.

"பிராசஸருக்கு இவ்ளோ போட்டா கார்டுக்கு என்ன மிச்சம்? உன் லாரி போட்டோ மாதிரி நிக்கும்."

"அப்போ பிராசஸரைக் குறைச்சுடலாமா?"

"குறைச்சா கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், உன் கண்டக்டர் மாதிரி."

"கண்டக்டரைப் பத்திப் பேசாதடா."

"சரி, உன்னைப் பத்திப் பேசறேன். மதர்போர்டு எதைப் பார்த்து வாங்கின?"

"கறுப்பா, அழகா இருந்துச்சு."

"பொண்ணா பார்க்கப் போன? சாக்கெட் பார்த்து வாங்கணும்ணா! பிராசஸர் உட்கார வேண்டிய குழி வேற, இது வேற. தூக்கிட்டுப் போய்க் கொடு."

அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு வந்தது. பிறகு பிராசஸர் சூடாகாமல் இருக்க ஒரு கூலர். அதை வோல்டேஜே பரிந்துரைத்தார். செங்கல் மாதிரி அலுமினியத் தகடும் அதில் ஒரு விசிறியும். பூட்டிப் பார்த்தால் கேபினெட் கதவு மூடவில்லை. கூலரின் தலை வெளியே எட்டிப் பார்த்தது. அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார். "அகலமான கேபினெட்டா வாங்கிடலாம்" என்று முடிவானது. கூலரை மாற்றலாமே என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எந்தக் கேபினெட் என்று தேர்ந்தெடுக்க இன்னும் சில ஞாயிறுகள் போயின.

அகலமான கேபினெட் வந்தது. கார்டு நீளமாகிவிட்டது. முன்பக்கம் போய் இடித்தது. அதைக் கொடுத்துக் குட்டையானதை வாங்குவதா, இன்னும் கொஞ்ச நாளில் புது மாடல் வருகிறதே, அதற்குக் காத்திருப்பதா என்று ஒரு மாநாடு. நடுவில் ரேம் என்கிற நினைவகச் சில்லு. ஒன்றாகப் போடுவதா, இரண்டாகப் பிரித்துப் போடுவதா. இதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சண்டை. நாட்டைப் பிரிக்கிறவர்கள்கூட இத்தனை பேச மாட்டார்கள்.

நான் டீ கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் ஒருமுறை கேட்பேன். "எந்த வருஷம் முடியும்?"

"வந்துடுச்சு அண்ணி, ஒரே ஒரு பார்ட்டுதான்" என்பார் வோல்டேஜ்.

அந்த ஒரே ஒரு பார்ட்டை நினைத்தாலே எனக்குப் பல் கூசும்.

கண்ணாடி உடைந்த மறுநாள் எனக்குப் பொறுமை தீர்ந்தது. மாசக் கடைசிக்கு அதிகம் மிச்சமில்லை. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன்.

"கடையில ரெடியாப் பூட்டியே விக்கிறாங்களாமே. அதை வாங்கிடலாம். இந்தப் பெட்டி எல்லாத்தையும் அவன்கிட்டயே கொடுத்துட்டு வந்துடலாம்."

சட்டைப் பொத்தானில் இருந்த கை நின்றது. "ரெடிமேடா?"

"ஏன், ரெடிமேட்ல லாரி ஓடாதா?"

"அதுல மட்டமான பவர் சப்ளை வெச்சிருப்பான்மா. பேர் தெரியாத ரேம் போட்டிருப்பான். அதையெல்லாம் ஒரு மனுஷன் வாங்குவானா?" அருவருப்போடு உதட்டைப் பிதுக்கினார். மாற்றான் வீட்டு எச்சில் தட்டைப் பற்றிப் பேசுவது மாதிரி இருந்தது.

"உங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?"

"தம்பிக்குத் தெரியும். அவன் வந்து பார்க்காம எதுவும் வாங்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை வரட்டும்."

"ஞாயித்துக்கிழமை வேற ஒண்ணு உடையும்."

"அவசரப்பட்டா தப்பாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஓட்டப் போனார். இத்தனை மாதமாக ஒரு பெட்டியைப் பூட்டத் தெரியாத மனிதரை நம்பித் தினமும் ஒரு பஸ் நிறைய ஜனம் ஏறுகிறது. அவர்கள் தைரியசாலிகள்.

இவரிடம் பேசிப் பயனில்லை. வேலை தெரிந்தவரைப் போய்ப் பிடித்து இழுத்து வரலாம் என்று வோல்டேஜின் கடைக்கே கிளம்பினேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பார்.

கடை பெரியது. முன்பக்கம் கண்ணாடி, விளக்கு, டை கட்டிய பையன்கள். பூட்டும் வேலை பின்பக்கம். நீள மேஜை, மேலே தொங்கும் விளக்கு, சுவர் முழுக்கக் கொக்கிகளில் வயர்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் வோல்டேஜ். மேஜைமேல் திறந்த கேபினெட்டுகள் வரிசையாக வாயைப் பிளந்திருந்தன. எதிரே ஒரு வாடிக்கையாளர். கழுத்தில் அலுவலக அட்டை, கையில் போன், போனில் வீடியோ. இந்த ஜாதியை எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டிலேயே ஒன்று வளர்கிறது.

நான் கதவருகே ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தேன். அவர் கவனிக்கவில்லை.

"சார், பட்ஜெட் நடுத்தரம்தான். ஆனா நல்லா வரணும்" என்றார் அட்டைக்காரர்.

"வரும்" என்றார் வோல்டேஜ். கை ஒரு மதர்போர்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தது. "இதுக்கு இந்த பிராசஸர். அதுக்கு மேல போனா உங்களுக்கு வேஸ்ட். மிச்சத்தைக் கார்டுல போடுங்க. கார்டு இது."

"இன்னும் கொஞ்ச நாள்ல புது மாடல்..."

"எப்பவும் இன்னும் கொஞ்ச நாள்ல புது மாடல் வரும். விளையாடணுமா, காத்திருக்கணுமா?"

அட்டைக்காரர் வீடியோவை நிறுத்தினார். "ரேம் ஒண்ணாப் போடலாமா, ரெண்டாவா?"

"ரெண்டா. அடுத்தது?"

அவ்வளவுதான். என் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற விஷயம், இங்கே தும்மல் வரும் நேரத்தில் தீர்ந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கூலர் நான் ஒண்ணு பார்த்தேன் சார்" என்று அட்டைக்காரர் அலமாரியில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். என் பின்னறையில் அதே படம், அதே நீலம், ஜன்னலடியில் உட்கார்ந்திருக்கிறது.

வோல்டேஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது உயரம். நீங்க எடுத்திருக்கிற கேபினெட்டுக்குக் கதவு மூடாது."

"அளந்து பார்க்காமலேயேவா?"

"இதெல்லாம் அளக்கணுமா? இதை எடுத்துட்டு அந்தக் கேபினெட்ல வெச்சா எவனுக்கும் மூடாது. பாதி உயரத்துல ஒண்ணு இருக்கு, அதுவே போதும்."

அட்டைக்காரர் பில் போட முன்பக்கம் போனார். வோல்டேஜின் விரல்கள் கேபினெட்டுக்குள் புகுந்தன. பிராசஸரைக் குழியில் உட்கார வைத்து ஒரு நெம்பு, ரேமுக்கு இரண்டு பக்கமும் ஓர் அழுத்து, வயர்களைப் பின்னால் இழுத்து ஒரு முடிச்சு. அலட்சியமாகக் கழுத்தைச் சொறிந்தபடியே கார்டைச் செருகினார். யாரோ எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் அந்த இயந்திரம் விசிறிகளைச் சுற்றிக்கொண்டு, திரையில் எழுத்துகளைக் காட்டியது. இவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் இல்லை. இடது கையால் தள்ளிவிட்டு அடுத்ததை இழுத்தார்.

எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணி!" ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவியது. "என்ன இங்க? அண்ணனுக்கு ஏதாவது..."

"அவருக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு. டயலாக் பேசிட்டு பஸ் ஓட்டப் போயிருக்காரு. உட்காருங்க."

உட்கார்ந்தார். தன் கடையிலேயே விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கூலர் உயரம்னு அந்த ஆள்கிட்ட சொன்னீங்களே."

"ஆமா... அது..."

"எங்களுக்கு மட்டும் ஏன் அதையே வாங்கச் சொன்னீங்க? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

மேஜைமேல் சிதறிக் கிடந்த குட்டித் திருகாணிகளைப் பொறுக்கி ஒரு மூடியில் போட ஆரம்பித்தார்.

"ரேம் ரெண்டாப் போடணும்னு உங்களுக்குத் தெரியாதா? எத்தனை நாள் என் காதைத் தின்னீங்க ரெண்டு பேரும்! கார்டு இடிக்கும்னு தெரியாதா? ஊரான் வீட்டுப் பெட்டியைப் பார்க்காமலே பூட்டுறீங்க, சொந்த அண்ணன் வீட்டுப் பெட்டி மட்டும் மாசக் கணக்குல மூட மாட்டேங்குது. உங்களைத் திறமை இல்லாதவர்னு நெனச்சுப் பரிதாபப்பட்டேன் தம்பி. பரிதாபம் வேஸ்டாப் போச்சு."

"அண்ணனும்தான் அண்ணி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அவரை விடுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

வோல்டேஜ் என்னைப் பார்த்தார். "அண்ணனுக்கு என்னைவிட நல்லாவே தெரியும் அண்ணி. அப்பா கடையில எனக்குச் சால்டரிங் அயர்ன் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். சாக்கெட் பார்க்காம மதர்போர்டு வாங்குற ஆளா அவரு?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. ஓடிய பிறகு கோபம் இரட்டிப்பானது. ஓர் ஏமாற்றுக்காரன் போதாது என்று இரண்டு பேர். ஒருத்தரை ஒருத்தர் முட்டாள் என்று திட்டிக்கொண்டே, எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி, என் அறையை மாதக் கணக்கில் அடைத்துக்கொண்டு நாடகம் ஆடியிருக்கிறார்கள். நான் அதற்கு டீ வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"எனக்கு அந்த ரூம் வேணும் தம்பி" என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரிக் கிளைகளுக்கெல்லாம் பேசப்போகிற குரல் அது, வீணாக்க முடியாது. "மாசக் கடைசிக்குள்ள நான் அங்க உட்கார்ந்து பேசியாகணும். இல்லேன்னா என் வேலை போயிடும். அண்ணன் சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு."

"சொல்லியுமா?"

தலையைக் குனிந்துகொண்டார். உச்சி வழுக்கை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. பிறகு மேஜைக்கு அடியிலிருந்து பையை இழுத்தார். பழைய தோல் பை. ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அதில் வைத்தார்.

"கண்ணாடி வேணாம். நம்ம கடையில இரும்புக் கதவு ஒண்ணு கிடக்கு, அதை மாட்டிடலாம். இன்னைக்குச் சாயங்காலமே வந்து முடிச்சுக் கொடுத்துடறேன் அண்ணி. நாளைக்கு ரூம் உங்களுக்கு."

"இவ்வளவு சுலபமான வேலையை எதுக்குத் தம்பி இத்தனை மாசம் இழுத்தடிச்சீங்க? என்ன லாபம் உங்களுக்கு?"

பையின் வாயைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பூட்டி முடிச்சுட்டா, அப்புறம் அண்ணன் என்னை எதுக்கு அண்ணி கூப்பிடப் போறாரு?"